எடை குறைப்பு ஆபரேஷன் ஆன வயிற்றில் எண்டோஸ்கோப்பி செய்தால் தையல் பிரியுமா?

கேள்வி: "நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். என் தங்கைக்கு 33 வயது. நான்கு மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் எடை குறைவதற்காக வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் மூன்று வாரமாக இட்லி, சாதம் எது சாப்பிட்டாலும் வாந்தி. கஞ்சி மட்டும் இறங்குகிறது. சேலத்தில் டாக்டர் எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். வெட்டித் தைத்த வயிற்றில் குழாயை விட்டால் தையல் பிரிந்துவிடும் என்று அவள் மாமியார் பயப்படுகிறார். ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதாதா?"

பதில்:

பிரியாது. மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் தங்கை விஷயத்தில் எண்டோஸ்கோப்பிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் சேலத்தில் எண்டோஸ்கோப்பி அறையில் 17 வருடமாக நர்ஸாக வேலை செய்கிறேன். டாக்டர் குழாயை விடும்போது நோயாளியின் தலைமாட்டில் நின்று தாடையைத் தாங்கிப் பிடிப்பதும், காதருகே "மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதும் என் வேலை. பத்து வருடத்துக்கு முன்பு இந்த ஆபரேஷன் ஆனவர்கள் எப்போதாவது ஒருவர் வருவார்கள். இப்போது அடிக்கடி வருகிறார்கள், நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் ஏறக்குறைய எல்லாரும் கேட்கிறார்கள்.

தையல் ஏன் பிரியாது என்றால், அங்கே இருப்பது துணியில் ஓட்டிய நூல் தையல் இல்லை. டைட்டானியத்தில் செய்த சின்னச் சின்ன ஸ்டேப்பிள்கள், வரிசை வரிசையாக அடித்திருப்பார்கள். நான்கு மாதத்தில் அதன் மேல் திசு வளர்ந்து, இரண்டு பக்கமும் ஒட்டி ஆறியிருக்கும். குழாயின் பருமனையும் பாருங்கள். வயிற்றைப் பார்க்கும் சாதாரண எண்டோஸ்கோப் 9 முதல் 10 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரலை விட ஒல்லி. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி ஒல்லியான குழலாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் சர்ஜன் வயிற்றை வெட்டும்போதே உள்ளே ஓர் அளவுக் குழாயை நிறுத்தி, அதை ஒட்டித்தான் வெட்டுவார். அந்தக் குழாயே பெரும்பாலும் 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட ஒல்லியான ஒன்றுதான் இப்போது உள்ளே போகப் போகிறது.

இன்னொன்று, நிறைய சர்ஜன்கள் ஸ்டேப்பிள் அடித்து முடித்ததும் ஆபரேஷன் மேஜையிலேயே எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்ப்பார்கள். வயிற்றைச் சுற்றித் தண்ணீர் விட்டு, உள்ளே குழாய் வழியாகக் காற்று ஊதி, எங்காவது குமிழி வருகிறதா என்று தேடுவார்கள். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஸ்டேப்பிள் அடித்த ஐந்தாவது நிமிடத்திலேயே தாங்குகிறது என்றால், நான்கு மாதம் கழித்துக் குழாய் போவது அதற்கு ஒரு பாரமே இல்லை.

ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்கள் மட்டும் வேறு கணக்கு. அப்போது தேவை இருந்தால்தான் செய்வார்கள், அனுபவமுள்ள டாக்டர் மெதுவாகச் செய்வார். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊதுவது நல்லது. உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், வயிறு உப்பிக்கொண்டு நிற்காது. அந்த நாட்களில் காய்ச்சல், நாடித் துடிப்பு வேகமாவது, இடது தோள்பட்டையில் வலி எல்லாம் ஸ்டேப்பிள் வரிசை கசிவதற்கான அடையாளம். உங்கள் தங்கை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

சரி, எண்டோஸ்கோப்பிக்கு முன்னால் செய்ய வேண்டியது என்று சொன்னேனே, அது வைட்டமின் பி1. தயமின் என்று எழுதுவார்கள். இதை நம் உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேமித்து வைக்கும். உங்கள் தங்கைக்கு வாந்தி ஆரம்பித்தே மூன்று வாரம் ஆகிறது. அதனால் டாக்டரிடம் இன்றைக்கே போய், "பி1 ஊசி போட வேண்டுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே பி1 போட வேண்டும். பி1 குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் இருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளையைப் பாதிக்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், பாதத்தில் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 30 வயதுகூட ஆகாத பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். வேறோர் இடத்தில் நான்கு நாள் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கள் அறைக்குள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். கண்ணாடியை மறந்துவிட்டாயா தம்பி என்று கேட்டேன். "இல்லக்கா, நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க" என்றான். வயிற்றில் இருந்த அடைப்பை அந்த வாரமே பலூன் வைத்துத் திறந்தாயிற்று, சாப்பாடு இறங்கிவிட்டது. நடை சரியாக மட்டும் பல மாதம் ஆனது. ஒரு ஊசி நேரத்துக்குப் போட்டிருந்தால் அவனுக்கு அந்த நிலைமை வந்திருக்காது.

தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருப்பதால் கர்ப்பப் பரிசோதனையும் ஒன்று செய்துவிடுங்கள். எடை குறைந்ததும் மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தங்குவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உண்டு. வாந்திக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஆபரேஷன் ஆகி 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதனால் தெரிந்துகொள்வது எப்படியும் அவசியம்.

இப்போது பேப்பர் விஷயம். என்ன ஆபரேஷன் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் "கொழுப்பு ஆபரேஷன்", "வயித்தைச் சின்னதாக்கின ஆபரேஷன்" என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே குழாயை விடும் டாக்டருக்கு அது போதாது. ஒருமுறை ஒரு அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. குழாய் உள்ளே போனது. உணவுக்குழாய் முடிந்து சின்னப் பை. பையின் அடியில் ஒரு வாய். அதைத் தாண்டினால் மூக்குத் துவாரம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. டாக்டர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். ஒரு வகை ஆபரேஷனில் அந்த இரண்டில் ஒன்று நாலைந்து சென்டிமீட்டரில் முட்டுச்சந்தாக முடிந்துவிடும், அதில் தள்ளக் கூடாது. இன்னொரு வகையில் இரண்டுமே நீளமாகப் போகும், ஒன்று பித்தம் வரும் பாதை. எது என்று தெரியாமல் நோயாளியை மயக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் வெளியே போய் அந்த அம்மாவின் மகனிடம் "எத்தனை இடத்துல ஜாயின்ட் போட்டாங்கன்னு தெரியுமா தம்பி" என்று கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கோயம்புத்தூர் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் ஆபரேஷன் நோட் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, ஆபரேஷன் நோட் வேறு. பையின் அளவு, குடலை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இணைத்தார்கள், வளையம் ஏதாவது போட்டார்களா என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு எண்டோஸ்கோப்பி எடுத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டும், வயிற்றுப் புண்ணுக்குக் காரணமாகும் எச் பைலோரி கிருமி பார்த்த ரிசல்ட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் பங்குக்கு எண்டோஸ்கோப்பிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

தங்கைக்குச் செய்தது ஸ்லீவ் ஆக இருந்தால், வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒல்லியாக ஒரு குழலை மட்டும் விட்டிருப்பார்கள். அங்கே சாப்பாடு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாகும் இடம் ஒன்று உண்டு. வயிறு இயற்கையாகவே திரும்பும் நடு வளைவு. ஏற்காட்டுக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதல்லவா? வளைவில் ரோடு குறுகலாக இருந்தாலும் வண்டி நிற்கும், ரோடு அகலமாகவே இருந்து திருப்பம் மட்டும் ரொம்ப ஒடுங்கலாக இருந்தாலும் நீளமான லாரி நிற்கும். ஸ்லீவிலும் இந்த இரண்டு வகை அடைப்பும் உண்டு. தழும்பு இறுகி நிஜமாகவே குறுகுவது ஒன்று. குழல் கொஞ்சம் முறுக்கிக்கொள்வது இன்னொன்று. முறுக்கிக்கொண்டதில் ஒரு சிக்கல், டாக்டர் குழாயின் நுனியை இப்படி அப்படித் திருப்பிக் கடந்துவிடுவார். சோற்று உருண்டையைத் திருப்ப அங்கே ஆள் இல்லை, அது நின்றுவிடும். அதனால் "குழாய் சுலபமாகப் போய்விட்டது, அடைப்பு இல்லை" என்ற ஒரு வாக்கியத்தோடு ரிப்போர்ட் முடிந்து, வாந்தி மட்டும் நிற்கவில்லை என்றால், "மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்கலாமா" என்று கேளுங்கள். முறுக்கு அதில் தெரியும். ஸ்லீவ் அடைப்புக்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய பலூனை வைத்து விரிப்பது உண்டு, சில தடவை செய்ய வேண்டிவரும். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பைபாஸாக மாற்றும் பேச்சு.

பைபாஸ் ஆக இருந்தால் கதை வேறு. அதில் வயிற்றின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி மட்டும் பிடிக்கும் பையை ஒதுக்கி, சிறுகுடலை நேராக அதில் இணைப்பார்கள். ஒரே இணைப்பு மட்டும் போடும் மினி பைபாஸும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது, அதில் பை இன்னும் நீளமாக இருக்கும். இணைத்த வாய் தழும்பு கட்டிக் குறுகுவது பெரும்பாலும் முதல் சில மாதத்தில்தான் தெரியவரும். கஞ்சி இறங்குகிறது, இட்லி நிற்கிறது என்பது அதற்குரிய பேச்சு. குழாயே நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தால், சுருட்டிய பலூனை அந்த வாயில் வைத்துத் தண்ணீர் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 12, 15 மில்லிமீட்டர் என்று விரிப்பார்கள். ஒரே நாளில் பெரிதாக்கப் பார்க்க மாட்டார்கள், கிழிந்துவிடும் என்பதால். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். ஸ்கேனில் இந்த வேலை நடக்காது. எண்டோஸ்கோப்பி நோயைப் பார்ப்பதோடு அங்கேயே சரிசெய்தும் விடும். ஸ்கேன் மட்டும் போதாதா என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

அந்த இணைப்பு வாயில் புண் வருவது இன்னொரு தொல்லை. வயிற்றுக்கு அமிலத்தைத் தாங்கும் கவசம் உண்டு, சிறுகுடலுக்கு அது கிடையாது. அதனால் இணைப்பின் குடல் பக்கத்தில் புண் விழும். சிகரெட், பீடி ஒரு காரணம். வலி மாத்திரை அடுத்தது. சேலத்தில் தறி வேலை, வெள்ளிக் கொலுசு வேலை என்று நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவர்கள் ஏராளம். முதுகு வலி, முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் பைபாஸ் ஆனவருக்கு ஆகவே ஆகாது. வலி என்றால் டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால் போடுங்கள். புண்ணுக்குத் தரும், அமிலத்தைக் குறைக்கும் மருந்து கேப்ஸ்யூலாக இருந்தால், பைபாஸ் ஆனவர்கள் அதைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையை மெல்லாமல் விழுங்கினால் புண் சீக்கிரம் ஆறுகிறது. எந்தக் கேப்ஸ்யூலைத் திறக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலம் தார் போலக் கருப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அது அவசரம்.

உங்கள் ஊர் விஷயம் ஒன்று. சேர்வராயன் மலையில் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு அக்கா, பைபாஸ் ஆகி இரண்டு வருடம் நன்றாக இருந்தவர், திடீரென்று தண்ணீர்கூட இறங்கவில்லை என்று வந்தார். குழாயை விட்டால் பை முழுக்க வெளிறிய மஞ்சளில் ஒரு பந்து, நனைத்துப் பிழிந்த பஞ்சு மாதிரி. முந்தின வாரம் வீட்டு மரத்து ஆரஞ்சைச் சுளையோடு, உள்தோலோடு தின்றிருக்கிறார். சின்னப் பையில் அதைக் கடையவும் கரைக்கவும் வசதி இல்லை. நார் ஒன்றோடு ஒன்று பின்னிக் கட்டியாகிவிட்டது. டாக்டர் கம்பி வளையத்தால் துண்டு துண்டாக அறுத்து, வலையில் பிடித்து வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோலையும் நாரையும் உரித்துவிட்டு உள்ளே இருக்கும் முத்தை மட்டும் சாப்பிடச் சொல்லுங்கள், அதையும் நன்றாக மென்று.

எண்டோஸ்கோப்பிக்கு எட்டாத இடமும் இருக்கிறது, அங்கே ஸ்கேன்தான் வேண்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். அதற்கு வயிற்று அல்ட்ராசவுண்ட். பைபாஸ் ஆனவருக்கு வயிற்று வலி விட்டு விட்டு வந்து, வந்தால் சுருண்டு படுக்கும் அளவுக்கு இருந்து, எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு சந்தில் நுழைந்து மாட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் குழாய் காட்டாது, சிடி ஸ்கேனும் சர்ஜனும்தான் வேண்டும். அதேபோல், ஒதுக்கிவிட்ட பழைய வயிறு பைபாஸ் ஆனவர் உடம்புக்குள்ளேயேதான் இருக்கிறது. சாதாரணக் குழாய் அங்கே போகாது. பித்தக் குழாயில் கல் வந்தாலும் வாய் வழியாகப் போய் எடுப்பது ரொம்பக் கஷ்டம், பாதையே மாறிவிட்டது. அதனால் மஞ்சள் காமாலை, வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் சீக்கிரம் காட்டுங்கள்.

எண்டோஸ்கோப்பி அன்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள். பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. இவருக்கு உணவு தங்குவதால் முந்தின நாள் முழுக்கவே தெளிந்த நீராகாரம் போதும் என்று சொல்லக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். எடைக்கு வாரம் ஒரு முறை போடும் ஊசி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் நம் நாட்டுக்கு வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு இவற்றையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்வதற்கு மட்டும் கூச்சப்படுகிறார்கள். அந்த ஊசி உணவை வயிற்றில் நிறுத்தி வைக்கும். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை இருந்தால், அதற்கு மெஷின் வைத்திருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். மயக்க டாக்டர் கூட இருப்பது இவர்களுக்கு நல்லது.

தொண்டையில் ஒரு ஸ்பிரே அடிப்போம். கசக்கும், தொண்டை வீங்கிவிட்டது போல இருக்கும். வீங்காது, உணர்வுதான் போயிருக்கும், மூச்சு தாராளமாக வரும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். எச்சிலை விழுங்க வேண்டாம், வழிய விடச் சொல்லுங்கள். துடைக்க நாங்கள் இருக்கிறோம். பார்ப்பது மட்டும் என்றால் 5, 10 நிமிடம். பரிசோதனைக்குத் துளி சதை கிள்ளி எடுத்தாலும் வலிக்காது.

முடிந்த பிறகு தொண்டை மரத்திருக்கும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள், புரையேறும். ஒரு மணி நேரம் போகட்டும். பலூன் வைத்திருந்தால் அன்றிரவு மலை ஏற வேண்டாம், சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். விரித்த இடத்தில் ஓட்டை விழுவது அபூர்வம். விழுந்தால் நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்தில் தோலை அழுத்தினால் நறநறவென்று சத்தம் எல்லாம் சில மணி நேரத்தில் தெரியும். ராத்திரி ஏற்காட்டிலிருந்து இறங்கி வர ஒரு மணி நேரம் போய்விடும். பலூன் வைக்கவில்லை என்றால் மாலையில் போகலாம், ஆனால் மயக்க மருந்தோடு அந்த வளைவுகளில் பைக்கில் பின்னால் உட்கார வைக்காதீர்கள்.

ஸ்லீவ் அல்லது மினி பைபாஸ் என்றால், இந்த வாந்தி சரியானாலும் எண்டோஸ்கோப்பி இத்தோடு முடியாது. ஆபரேஷன் ஆகி ஒரு வருடத்தில் ஒன்று, பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்லி எடை குறைப்பு சர்ஜன்களின் சர்வதேச அமைப்பு 2020-ல் பரிந்துரைத்திருக்கிறது. ஸ்லீவில் அமிலமும், மினி பைபாஸில் பித்தமும் மேலே ஏறி, எரிச்சலே தெரியாமல் உணவுக்குழாயின் அடிப்பகுதியை மாற்றிவிடலாம். நாளடைவில் புற்றுநோய்க்கு வழிவிடும் மாற்றம் அது. டைரியில் தேதியைக் குறித்து வையுங்கள்.

வரும்போது மாமியாரையும் கூட்டி வாருங்கள். ரிப்போர்ட்டில் கலர் படம் வரும். ஸ்டேப்பிள் அடித்த வரிசை அதில் வெளிறிய தழும்புக் கோடாகத் தெரியும். டாக்டரிடம் கேட்டால் பேனா முனையை வைத்து அந்த இடத்தைக் காட்டுவார்.